எக்ரெத் தீவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

மொரீஷியசுக்கு வேலை நிமித்தம் வந்து சேரும் குடும்பங்கள் முதல் சில மாதங்களில் பார்க்கிற இடங்கள் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். கிராண்ட் பே கடற்கரை, சாமரேலின் ஏழு நிற மண், கங்கா தலாவ் சிவன், போர்ட் லூயிஸ் கடைத்தெரு. எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் பள்ளியில் அழிந்துபோன டோடோ பறவை பற்றி ஏதோ எழுதிவரச் சொல்லிவிட்டார்கள், பிள்ளையை எங்கே கூட்டிப்போவது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒரே இடம்: தென்கிழக்குக் கரையில் மாஹேபூர் ஊருக்கு அருகே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கும் ஈல் ஓ எக்ரெத். எழுத வசதியாக எக்ரெத் தீவு என்றே வைத்துக்கொள்வோம்.

பவளப்பாறையாலான சின்னத் தீவு அது. பரப்பு 26 ஹெக்டேர், அதாவது சுமார் 65 ஏக்கர். 1965இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு அதைப் பொறுப்பேற்று, வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளைப் பிடுங்கி, எலிகளை ஒழித்து, பழைய காட்டை மீண்டும் வளர்த்துவருகிறது. அந்தக் காட்டுக்குள் வளைந்து போகும் ஒரு பாதை. கூடவே வரும் ஒரு வழிகாட்டி. ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். பார்வையாளருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். மிருகக்காட்சி சாலை என்று நினைத்துப் போகிறவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்புவார். நாலு விஷயம் தெரிந்துகொண்டு போகிற பிள்ளையோ வழிகாட்டியை விடாமல் கேள்வி கேட்டுத் துளைத்துவிடும். அதனால் பஸ், படகு விவரங்களைவிட, போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

யார் போகலாம்

ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தம். அதற்குக் கீழே என்றால் பாதி வழியில் தூக்கு என்று கையை நீட்டும். தரை முழுவதும் பழைய பவளக்கல். மேடும் பள்ளமும் கூரிய முனைகளுமாக இருக்கும். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி ஓடாது. கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு போகலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு முழங்கால் வலி இருந்தால், படகில் ஏறி இறங்குவதுதான் பெரிய சிரமம், நடை அல்ல. அவர்களுக்காகவே இன்னொரு நாளை ஒதுக்கி வடக்கே பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். 37 ஹெக்டேர் சமதரை, நிழல், உட்கார இடம், குளம் நிறைய தாம்பாளம்போல் விரிந்த அமேசான் அல்லி. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒன்று மொரீஷியசின் வடக்கு, இன்னொன்று தென்கிழக்கு.

எப்போது போவது

மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம். நடப்பதற்கு இதமான காலம்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று இந்தக் கரையில்தான் நேராக வந்து மோதும். படகுப் பயணம் சில நிமிடங்களே என்றாலும் தூறலாகத் தெறிக்கும் உப்புத் தண்ணீரில் நனைவீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் புழுக்கமும் கொசுவும் சேர்ந்துகொள்ளும். புயல் காலமும் அதுவே. புயல் எச்சரிக்கையை இங்கே ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாகச் சொல்வார்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் அந்த நாளை மறந்துவிட்டு வேறு தேதி கேளுங்கள். என் தேர்வு மே அல்லது அக்டோபர், காலையில் முதல் படகு. வெயில் ஏறுவதற்குள் பறவைகள் நடமாட்டம் இருக்கும். பிள்ளைகளும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

முன்பதிவு கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு. பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஒன்று, மொரீஷியசில் குடியிருப்பவர்களுக்கான கட்டணம். சுற்றுலாப் பயணிக்கான கட்டணம் வேறு என்பதால் குடியிருப்பு அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, உங்கள் குழுவுக்கு எந்த மொழியில் விளக்கம் என்பது. வழிகாட்டிகள் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர் உடன் வந்தால், மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள்; ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று முறை வைத்தால் சண்டை வராது. பாட்டிக்குச் சொல்வதற்காகக் கேட்கும் பிள்ளை, தனக்காகக் கேட்பதைவிடக் கவனமாகக் கேட்கும்.

பணம் கொடுக்கும்போது கையில் 100 ரூபாய் நோட்டு இருந்தால் ஒரு நிமிடம் பிள்ளையிடம் நீட்டுங்கள். அதில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டின் தமிழ் அரசியல் தலைவர். மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிட்டிருக்கும். வந்த புதிதில் இதைக் கவனிக்காதவர்களே அதிகம்.

முந்தின நாள்: ஒரு நோட்டுப்புத்தகம்

இதைத் தவற விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பலன்தான். கோடு போடாத சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, நடுப்பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்துக்குத் தலைப்பு 'இருந்தவை': மனிதர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்து, இன்றும் இருப்பவை. இரண்டாவது 'வந்தவை': கப்பலில் வந்து இறங்கியவை. மூன்றாவது 'போனவை': இனிப் பார்க்க முடியாதவை. பாதையில் காணும் ஒவ்வொரு செடியையும் பிராணியையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் விளையாட்டு. தெரியாவிட்டால் வழிகாட்டியைக் கேட்க வேண்டும். நாம் எந்தக் கட்டம் என்று கேட்கும் பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அந்தக் கேள்வியைத் தாத்தாவிடம் தள்ளிவிடுங்கள்.

கட்டங்களைக் காலியாக விட்டுப் போனால் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஆளுக்கு ஒன்றிரண்டை வீட்டிலேயே நிரப்புங்கள். 'போனவை'யில் முதல் பெயர் டோடோ. டச்சுக்காரர்கள் 1598இல் மொரீஷியசில் கால் வைத்தார்கள். டோடோவை உயிரோடு பார்த்ததாகப் பெரும்பாலோர் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டுக்குரியது. அறுபத்துச் சொச்சம் ஆண்டில் ஓர் இனமே முடிந்துபோயிற்று. மாலுமிகள் அடித்துத் தின்றே அழித்தார்கள் என்பது பாதி உண்மைதான். கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்று தீர்த்ததுதான் பெரிய காரணம் என்கிறார்கள். இன்னொரு விஷயத்தைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள்: டோடோ ஒரு புறா. மரபணு ஆய்வின்படி, இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா, நம் வங்கக் கடலுக்கு அப்பால் நிக்கோபார் தீவுகளில் வாழ்வது.

'வந்தவை'யில் மைனாவை எழுதுங்கள். வீட்டு முற்றத்திலேயே இருக்கும். ஊர்ப் பறவை என்று நினைத்து ஏக்கப்படவும் தோன்றும். வெட்டுக்கிளித் தொல்லைக்குப் பரிகாரமாக 1760களில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது அது. மூஞ்சூறும் இந்தக் கட்டம்தான். பிள்ளையாருக்கு வாகனம் என்பதற்காக எக்ரெத் தீவில் அதற்குச் சலுகை ஏதும் இல்லை. சின்னப் பிராணிகளைத் தின்றுவிடுகிறது என்று அதை ஒழிக்கப் பாடுபட்டும் முடியாமல் போனது. எலியை ஒழித்தவர்களுக்கு மூஞ்சூறு பிடிகொடுக்கவில்லை.

பையில் என்ன, காலில் என்ன

மூடிய ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம். முந்தின நாளே அடிப்பகுதியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்குக்காக இல்லை. ஷூவின் வரிகளில் ஒட்டியிருக்கும் புல்விதை ஒன்று போதும், அங்கே களை பிடுங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரு வருஷ வேலை வைக்க. பாக்கெட்டுகளையும் பையின் மூலைகளையும் உதறுங்கள். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டால், 'வந்தவை' கட்டம் எப்படி நிரம்புகிறது என்பது வீட்டு வாசலிலேயே புரிந்துவிடும்.

தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், கொசு விரட்டும் களிம்பு, முழுக்கைச் சட்டை. இருந்தால் ஒரு தொலைநோக்கி, இல்லாவிட்டாலும் குறையில்லை. சாப்பாட்டைத் தீவுக்குக் கொண்டுபோகாமல் படகேறும் முன் முடித்துவிடுங்கள். கரையிலேயே இரண்டு டோல் பூரியோ, நம் பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட தம்பியான காட்டோ பிமானோ வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தாங்குவார்கள். பழம் தின்றுவிட்டுக் கொட்டையைப் புதரில் எறிகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அங்கே அது கூடவே கூடாது. கழிப்பறை வேலையையும் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

படகு கிளம்பும் இடம் புவாந்த் ஜெரோம். மாஹேபூரிலிருந்து ப்ளூ பே போகும் கடலோரச் சாலையில் இருக்கிறது. கார் இருந்தால் எபென், ரோஸ் ஹில் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் விமான நிலையத்தை நோக்கி வந்து மாஹேபூருக்குத் திரும்ப வேண்டும். பஸ் என்றால் போர்ட் லூயிஸ் விக்டோரியா நிலையத்திலிருந்து கியூர்பிப் வழியாக மாஹேபூர். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து ப்ளூ பே பஸ்ஸில் ஏறி, புவாந்த் ஜெரோமில் இறக்கிவிடச் சொல்லுங்கள். படகு நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருவது நல்லது. படகு உங்களுக்காகக் காத்திருக்காது.

விமான நிலையத்தைக் கடக்கும்போது சொல்ல ஒரு கதை உண்டு. அதன் பக்கத்தில்தான் மார் ஓ சோஞ்ச் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. 1865இல் மாஹேபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் அங்கே டோடோ எலும்புகளைக் கண்டெடுத்தார். கண்டெடுத்தார் என்று எழுதுகிறோமே தவிர, சேற்றுக்குள் இறங்கியவர்கள் கூலித் தொழிலாளர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெறுங்காலால் சேற்றைத் துழாவி, காலில் தட்டுப்பட்ட எலும்புகளை எடுத்துக் கொடுத்தார்கள். உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகள் அந்தச் சதுப்பிலிருந்து போனவை. புத்தகங்களில் பெயர் ஆசிரியருடையது மட்டும்தான்.

பாதையில்

தீவில் இறங்கியதும் வழிகாட்டி விதிகளைச் சொல்வார். பாதையை விட்டு விலகக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போகக் கூடாது. நான் சேர்த்துச் சொல்வது ஒன்று: பெற்றோர் பின்னால் நடங்கள், பிள்ளைகளை வழிகாட்டியின் பக்கத்தில் விடுங்கள். நம் அப்பாக்கள் வழிகாட்டியோடு சேர்ந்து முன்னால் நடந்து, தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவருக்கே விளக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பின்னால் கல்லை உதைத்துக்கொண்டு வரும்.

முதலில் நிற்க வேண்டிய இடம் கருங்காலி மரத்தடி. இங்குள்ள இனம் இந்தத் தீவின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறது: டையோஸ்பைரோஸ் எக்ரெத்தாரம். நம் ஊர்ப் பனிச்சைக்கு உறவு. வெளியே பார்த்தால் சாதாரண மரம். பட்டைக்குள் வெளிர் மரம். நடு வைரம் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்தக் கறுப்புக்காகத்தான் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸ் கரையோரக் காடுகளை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். மெதுவாக வளரும் மரம். நம் ஆயுளில் ஒரு கன்று பெரிய மரமாவதைப் பார்க்க முடியாது. கழுத்தில் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கும் மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு சுள்ளிக்குக்கூட ஆசைப்படாதீர்கள்.

மரத்தடியிலேயே இன்னொன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மொரீஷியசும் அண்டைத் தீவுகளும் சேர்ந்த மஸ்கரீன் தீவுகளின் செடிகள் பலவற்றில் கன்றின் இலை ஒரு விதம், மரத்தின் இலை வேறு விதம். கன்றில் நீண்டு மெலிந்து, சிலவற்றில் நடு நரம்பு சிவந்து இருக்கும். அதே செடி ஆள் உயரம் வளர்ந்ததும் அகன்ற பச்சை இலை விடும். இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள். ஏன் இந்த வேஷம்? ஆமைக்காக என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். ராட்சத ஆமையின் வாய்க்கு எட்டும் உயரம்வரை அதன் கண்ணுக்கு உணவாகத் தெரியாத இலை. கழுத்து எட்டாத உயரத்துக்குப் போனபின் கவலையில்லாத இலை. நோட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு இலைகளையும் அருகருகே வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, ஆமையின் கழுத்து எட்டும் உயரம் என்று எழுதினால் போதும். வரைவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். வழிகாட்டியிடம் கேட்டால் பெரும்பாலும் நிற்பார்.

அந்த ஆமை எங்கே என்றால், 'போனவை'யில். மொரீஷியசுக்கே உரிய ராட்சத ஆமைகள் இரண்டு இனம் இருந்தன. மாதக்கணக்கில் தீனி இல்லாமல் உயிரோடு கிடக்கும் என்பதால் மாலுமிகள் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு போனார்கள். ஆமை போனதும், அது தின்று விதை பரப்பிய மரங்கள் தவித்தன. கருங்காலிப் பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து, அங்கேயே முளைத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா இனத்து ஆமைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்றன, நடந்தன, வேறு இடத்தில் சாணமிட்டன. ஆமையின் வயிற்றுக்குள் போய்வந்த விதை நன்றாகவே முளைத்தது என்று 2011இல் ஆய்வு வெளியானது. ஆக, பாதையில் ஆமைச் சாணத்தைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டாம். குனிந்து பார்த்தால் உள்ளே விதை இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் இந்த நாளில் மறக்காத காட்சி இதுவாகத்தான் இருக்கும்.

ஆமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வந்ததுதான், ஆனால் போனதன் வேலையைச் செய்கிறது. நோட்டில் இங்கே தகராறு வரும். வரட்டும், நீங்கள் தீர்த்து வைக்காதீர்கள்.

பெரிய ஆண் ஆமை 200 கிலோவைத் தாண்டும். நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் ஆசைக்குத் தடை. வழிகாட்டி சரி என்றால் கழுத்தடியில் மெல்லச் சொறிந்துவிடலாம். பிடித்திருந்தால் நான்கு காலையும் ஊன்றி உடலைத் தூக்கி, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்து, அண்ணாந்து பார்க்க வேண்டியது இளஞ்சிவப்புப் புறா. மாடப்புறாவைவிடக் கொஞ்சம் பெரியது; தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் செம்பழுப்பு. 1990 வாக்கில் காட்டில் எஞ்சியிருந்தவை பத்துப் பறவைகள்தான். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, எலி, பூனையிடமிருந்து கூட்டைக் காத்து, தீனி வைத்து, இன்று நானூறுக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டிலிருந்து 1979இல் வந்த கார்ல் ஜோன்ஸ் என்பவர் இந்த வேலைக்கு வாழ்நாளையே கொடுத்தார். மிகச் சில பறவைகளிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் நெருங்கிய சொந்தத்துக்குள் இணை சேரும் சிக்கல் இன்றும் தீரவில்லை. காலைப் பார்க்கச் சொல்லுங்கள்: வண்ண வளையங்கள் போட்டிருக்கும். வலது காலில் என்ன நிறம், இடது காலில் என்ன நிறம் என்று எழுதிக்கொண்டு வழிகாட்டியிடம் காட்டினால், அவை ஒவ்வொரு பறவைக்கும் தனி அடையாளம் என்று விளக்குவார்.

பாட்டி உடன் வந்திருந்தால் அடுத்த பிராணியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். காய்ந்த இலைகளுக்குள் சரசரவென்று ஓடுவது டெல்ஃபேர் அரணை. நம் ஊர் அரணையைவிட நல்ல பெரிசு. பயமே இல்லாமல் காலடிவரை வரும். அரணை கடித்தால் மரணம் என்ற பழைய பேச்சைப் பாட்டி ஆரம்பிப்பார். அரணைக்கு விஷம் கிடையாது என்று வழிகாட்டி வாயாலேயே சொல்ல வையுங்கள், நாம் சொன்னால் எடுபடாது. மொரீஷியசுக்கு வடக்கே இருக்கும், எலி புகாத ரவுண்ட் தீவில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்த இந்த இனத்தை இங்கே மறுபடி குடியேற்றியது 2000களின் நடுவில்தான். மரத்தண்டில் பச்சையும் நீலமும் சிவப்புப் புள்ளியுமாக ஒட்டியிருக்கும் பகல் பல்லியையும் தேடுங்கள். பூவில் வாய் வைத்துத் தேன் நக்கும் பல்லி அது. பலன் பார்க்கிற பல்லியை மட்டுமே தெரிந்தவர்களுக்குப் புதுமையாக இருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது மூஷ் ஜோன் என்று இங்கே சொல்லும் மஞ்சள் குளவிக்குத்தான். புதருக்குள் தொங்கும் கூட்டில் கை பட்டால் கூட்டமாகக் கொட்டும். பாதையை விட்டு விலகாதிருக்க இதுவே நல்ல காரணம். மொரீஷியசில் உயிருக்கு ஆபத்தான விஷப்பாம்பு கிடையாது.

பாதையோரத்தில் டோடோ உள்ளிட்ட அழிந்துபோன பிராணிகளின் வெண்கலச் சிலைகள் நிற்கும். படம் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் நின்றால் டோடோ எவ்வளவு உயரம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கி மேடையும் உண்டு, சில பையன்களுக்கு அது ஒன்றே நினைவில் நிற்கும். நாற்றுப்பண்ணையை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். 2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பக்கத்திலேயே புவாந்த் தேனி அருகே பவளத்திட்டில் தரைதட்டி, ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியபோது, இந்தப் பண்ணையின் கன்றுகளையும் சில அரிய பறவைகளையும் பெருந்தீவுக்கு மாற்றினார்கள். ஏறக்குறைய 1000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அரசாங்கத்துக்குக் காத்திராமல் ஊர் ஊராக மக்கள் வந்து, துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்க மிதவை வேலி கட்டினார்கள். 2017இல் எண்ணூர்க் கடலோரத்தில் வாளியால் எண்ணெய் அள்ளியதைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மிதவையில் கை வைத்தவர்கள் இந்தக் கரையில் எங்கும் இருப்பார்கள். வழிகாட்டியையோ படகுக்காரரையோ அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

திரும்பிய பிறகு

மதியத்துக்குள் கரைக்கு வந்துவிட்டால் பாதி நாள் மிச்சம் இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தால் மாஹேபூர்க் கடலோரத்து மரநிழலில் பிரியுங்கள். திங்கட்கிழமை என்றால் ஊரே சந்தை. காய்கறியும் துணியும் மலிவு, ஆனால் கார் நிறுத்த இடம் தேடி அலுத்துப்போவீர்கள்.

பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் ஊர் எல்லையில் இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். 1810 ஆகஸ்டில் இந்த விரிகுடாவில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினார்கள்; பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளையும் இந்த வீட்டில்தான் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அந்த வெற்றி நாலு மாதம்கூட நிலைக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஆங்கிலேயப் படை மறுபடி வந்து, டிசம்பரில் மொரீஷியசைப் பிடித்தது. அதில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

கடலில் இறங்க ஆசைப்பட்டால் ப்ளூ பே. கடல் பூங்காவாகப் பாதுகாக்கும் இடம். கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். தண்ணீரில் கால் வைப்பதானால் ரப்பர் செருப்போடு வையுங்கள். கல்மீன் என்ற விஷமுள் மீன் கல்லோடு கல்லாக அடியில் கிடக்கும். இரண்டையும் செய்ய நேரம் போதாது. சின்னப் பிள்ளைகள் என்றால் ப்ளூ பே, எட்டு ஒன்பது வயதைத் தாண்டியவர்கள் என்றால் அருங்காட்சியகம் என்பது என் கணக்கு. வீட்டுக்கு வாங்கிப்போக மாஹேபூரின் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் நல்லது. 1870இலிருந்து ஒரே குடும்பம் செய்துவருகிறது. ஆலையைச் சுற்றிப் பார்க்க விரும்பினால் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

நோட்டை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே விரித்து மூன்று கட்டங்களையும் சரிபாருங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே பிராணியை வேறு வேறு கட்டத்தில் எழுதியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கு எழுதிக்கொண்டுபோகக் கட்டுரை அங்கேயே பாதி தயாராகிவிடும்.

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் மாலை நாலரைக்கெல்லாம் மாஹேபூர் நிலையத்தில் இருங்கள். பொழுது சாய்ந்தால் பஸ் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. வழியில் கியூர்பிப் மேட்டு நிலம். கரையில் வெயில் கொளுத்தினாலும் அங்கே தூறலும் குளிருமாக இருக்கும், ஜன்னலும் சரியாக மூடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டரைப் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.